மூன்றரை மணிக் குரல்

2006 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஊரப்பாக்கம் மதியழகன் வாய் நிறைய முறுக்கு வைத்திருந்தபோது அவனுடைய குரல் அவனைக் கேட்காமலே கம்ப்யூட்டர் வழியாக நடந்த ஆபீஸ் மீட்டிங்கில் பேசியது. 'நோ இஷ்யூஸ் ஃப்ரம் மை சைட்' என்று தெளிவாகச் சொன்னது. இங்கிலாந்திலிருந்து மேனேஜர் கிரஹாம் வழக்கம்போல் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். மதியழகன் முறுக்கைக் கடிக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தான், பிறகு கடித்தான். அன்று ஊரப்பாக்கத்தில் தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய்.

இதில் குரலை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சிறுசேரி ஆபீஸில் உட்கார இடம் போதாமல் போனபோது, வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் மதியழகனும் ஒருவன். ஓர் இங்கிலாந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்து அனுப்பும் வேலை அவனுடையது. முதல் ஆறு மாதம் மாடி அறையில் சட்டையை இன் செய்துகொண்டு உட்கார்ந்து, அந்த வேலையைத் தானே செய்துகொள்ளும் ஒரு புரோகிராமை எழுதி முடித்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தான். அதன் பிறகு தினமும் மூன்றரை மணி மீட்டிங்கில், என் பக்கம் பிரச்சினை இல்லை என்கிற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வது தவிர அவனுக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. வேறு வேலை கொடுத்திருந்தால் செய்திருப்பான். யாரும் கொடுக்கவில்லை, அவனும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. பக்கத்து மனையில் போர்வெல் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, வரும் மெயில்களைத் திறக்காமல் விட்டான்.

குரல் தனியாகச் சமாளிக்கும் என்று தெரிந்ததும், மீட்டிங் நேரத்தில் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டுக்குப் போய்வர ஆரம்பித்தான். அங்கே அவனால் பேச முடியாது, கத்தரிக்காயை விரலால் காட்டித்தான் வாங்குவான். ஆரம்பத்தில் குரல் பத்து நிமிடத்தில் தொண்டைக்குத் திரும்பிவிடும். கூப்பிட்ட போதெல்லாம் இருக்கிறான் என்று கிரஹாம் மீட்டிங்குகளைக் கூட்டக் கூட்ட, குரல் பொழுது சாய்ந்து வந்தது, பிறகு ஞாயிறுகளில் மட்டும் வந்தது. கரண்ட் போனாலும், கம்ப்யூட்டரை அணைத்தாலும் அதன் வேலை நிற்கவில்லை. தாம்பரத்தில் டீச்சராக இருந்த அவன் மனைவி புஷ்பலதா, என்னிடம் பேச மட்டும் உங்களுக்கு வாய் வராதா என்று ஒரு மாதம் சண்டை பிடித்தாள். பிறகு மாடிக்குப் போய்க் குரலைக் காதால் கேட்டுவிட்டு வந்து, பேச வேண்டியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்தாள். அந்த வருடத்தின் சிறந்த ஊழியர் என்று மதியழகனுக்குச் சான்றிதழ் வந்தது.

2007 மார்ச்சில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி முப்பதாம் நாள் குழந்தையைத் தொட்டிலில் போட்டு, அப்பன் அதன் வலது காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். அப்பன் சொல்லாத பேரை வேறு யாரும் வாயில் எடுக்கக் கூடாது. முப்பதாம் நாள் ஞாயிறாக அமைந்ததில் புஷ்பலதாவுக்கு நிம்மதி. ஆனால் அன்றுதான் கம்பெனி ஒரு புதிய மாற்றத்தைக் கொண்டுவருகிறது, எல்லாரும் காலையிலிருந்து மீட்டிங்கில் இருக்க வேண்டும் என்று கிரஹாம் ஏழு மெயில் அனுப்பியிருந்தார். ஒன்றையாவது திறந்திருந்தால் விசேஷத்தைத் தள்ளிப்போட்டிருக்கலாம். மதியழகன் தொட்டிலில் குனிந்து வாயைத் திறந்தான். வெறும் மூச்சுதான் வந்தது. குழந்தைக்குக் கூசியது. மாடியிலிருந்து 'நோ இஷ்யூஸ் ஃப்ரம் மை சைட்' என்று கேட்டது.

"இன்னாடா தம்பி, கொயந்த காதுல காத்து ஊதிக்கினு கீற?" என்றாள் அவன் அக்கா ஜெயக்கொடி. விஷயம் தெரிந்ததும், குரல் எங்கே இருந்தால் என்ன, அப்பன் குரல்தானே என்று குழந்தையை மாடிக்குத் தூக்கிப் போய் ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தாள். மதியழகன் பேரைக் காகிதத்தில் பெரிதாக எழுதித் திரைமுன் பிடித்தான். குரல் தனக்குத் தெரிந்த வாக்கியத்தையே மூன்று முறை சொன்னது. புஷ்பலதா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"அவருக்குப் பேச்சு வரட்டும். அதுவரைக்கும் என் பொண்ணு பேர் இல்லாமலே இருக்கட்டும்."

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மதியழகனுக்கு வெட்கமாக இருந்தது. அதன் பிறகு குரல் ஞாயிறுகளிலும் வரவில்லை.

ராஜினாமா கடிதம் அனுப்பினான். கிரஹாம் பதறிப்போய் போன் செய்தார். போனிலும் குரல்தான் முந்திக்கொண்டு நோ இஷ்யூஸ் என்றது. அவர் சிரித்துவிட்டுச் சம்பளத்தை உயர்த்தினார். இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று. தடுப்பூசி அட்டையில் பேர் எழுதும் இடத்தில் 'பெண் குழந்தை' என்றே இருந்தது. அவளைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் மதியழகன்தான். ஒரு வயது தாண்டியபோது, கீழே பேசாத அப்பா ஒருவர், மேலே இங்கிலீஷ் பேசும் அப்பா ஒருவர் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, மாடிப்படியைப் பார்த்தும் கையாட்டினாள்.

2008 ஜூனில்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. குரலுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். உண்மையிலேயே ஓர் இஷ்யூ இருந்துவிட்டால் அது என்ன சொல்லும்? அன்றே அப்படி ஒன்றைத் தேடிப் பழைய மெயில்களை முதலிலிருந்து திறக்க ஆரம்பித்தான். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. பிறகு தான் எழுதிய புரோகிராமை வரி வரியாகப் படித்தான். நவம்பரில் தப்பு கிடைத்தது. பிப்ரவரி 29 அன்று பிறந்தவர்களை, அப்படி ஒரு தேதியே கிடையாது என்று புரோகிராம் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. மூன்று வருடமாக நூற்று இருபத்தாறு பேரின் விண்ணப்பங்கள் பதில் இல்லாமல் கிடந்தன. தப்பு அவனுடையது. இரண்டு பக்கத்துக்கு எழுதி கிரஹாமுக்கு அனுப்பினான்.

மறுநாள் குரல் வழக்கம்போல் நோ இஷ்யூஸ் என்றது. இஷ்யூ இருக்கிறது, நீயே எழுதியிருக்கிறாய், எப்படி நடந்தது சொல் என்றார் கிரஹாம். குரல் வாயடைத்துப் போனது. கீழே மகளுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்த மதியழகனுக்குத் தொண்டை அரித்தது. இருமினான். இருமலுக்குச் சத்தம் இருந்தது. மேலே கிரஹாம், மதி, ஆர் யூ தேர் என்று கூப்பிட்டார். மதியழகன் தட்டைக் கீழே வைத்தான். குனிந்து மகளின் வலது காதில் சொன்னான்.

"வெண்ணிலா. வெண்ணிலா. வெண்ணிலா."

அவள் பருக்கை ஒட்டிய கையால் அவன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த புஷ்பலதா ஒரு செருப்பைக் கழற்றியதோடு வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அதன் பிறகு அவன் மாடிக்குப் போய், மூன்று வருடமாகத் தான் எதையும் பார்க்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேசினான்.

அடுத்த மார்ச்சில் கம்பெனி அந்தப் பிரிவையே மூடியது, ஒழுங்காக வேலை செய்தவர்களையும் சேர்த்துத்தான் அனுப்பியது. இப்போது மதியழகன் சிறுசேரியில் வேறொரு ஆபீஸுக்குப் பஸ்ஸில் போய்வருகிறான். திட்டு வாங்குகிறான், சொந்த வாயால் பதில் சொல்கிறான். குரல் வந்துவிட்டாலும் அந்த வாக்கியம் மட்டும் மாடியிலேயே தங்கிவிட்டது. தினமும் மூன்றரைக்குக் காலி மேஜையிலிருந்து கேட்கும். அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றினால் நாலரைக்குப் போய்விடும். மாடியில் இப்போது வாடகைக்குக் குடியிருக்கும் தசரதனுக்கு அதற்காக வாடகை இருநூறு ரூபாய் குறைவு. அந்தச் சத்தம் கேட்டதும் அவன் டீ போடுகிறான். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள்தான் திடுக்கிட்டு, அப்பா மாடியில் இருக்கிறாரா என்று கேட்பார்கள். வெண்ணிலா விளையாட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டாள்.

"அது அப்பா இல்ல ஆன்ட்டி. ஆபீஸ்."