பிரம்பக்கா எழுந்து நின்றால்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணியிலிருந்து எந்த நாற்காலியும் இன்ஸ்பெக்டரைத் தாங்கவில்லை. நாற்காலி உடையவில்லை, வழுக்கவும் இல்லை. அவர் உட்காரப்போகும் நேரம் பார்த்து ஒரு சாண் பின்னால் நகர்ந்துகொண்டது, அவ்வளவுதான். மூன்று முறை தரையில் விழுந்தபின் கோப்புகளை நின்றபடியே பார்த்தார். ஜீப்பின் இருக்கையும் அதையே செய்தது. கழிவறையில் என்ன நடந்தது என்பதை நிலைய எழுத்தர் வெளியே சொல்லவில்லை. ஆனாலும் மாலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்த நிலையத்து நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிக் கொடுத்தவளை எல்லோரும் பிரம்பக்கா என்பார்கள். அவளுடைய தம்பி அச்சகத்தில் தாள் மடிப்பவன். ஏதோ ஒரு துண்டறிக்கையை மடித்தான் என்று அவனை முந்தின வியாழக்கிழமை கூட்டிப்போனார்கள். அதில் என்ன அச்சாகியிருந்தது என்று அவன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் போய்க் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். சுவருக்குப் பின்னால் அவன் இருமுவது கேட்டது. தாயில்லாமல் தூக்கி வளர்த்தவளுக்கு அந்த இருமல் தெரியாதா? ஐந்து நாள் அவளை நிற்கவைத்தார்கள். செவ்வாய்க்கிழமை கால் துவண்டு பெஞ்சில் சாய்ந்ததும், இன்ஸ்பெக்டர் பெஞ்சை உள்ளே எடுத்துப் போடச் சொன்னார். சரி, நிற்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வாசலில் போய் நின்றாள். படுக்க மட்டும் வீட்டுக்குப் போனாள். உட்காரவே இல்லை.

சனிக்கிழமை அவள் செருப்பு வார் அறுந்தது. அதை ஊக்கு குத்திச் சரிசெய்யக் குந்தினாள். அந்நேரம் உள்ளே இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார். அவள் எழுந்ததும் உள்ளே தொப்பென்று சத்தம் கேட்டது. எழுத்தர் விஷயத்தைப் பிடித்துவிட்டார். அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டரே வீங்கிய காலை இழுத்துக்கொண்டு நாற்காலியோடு வாசலுக்கு வந்தார்.

“உட்காரும்மா.”

“தம்பி வரட்டும், உட்கார்றேன்.”

“அப்படி யாரும் இங்க இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?”

“அப்ப நாற்காலியும் இல்லைன்னு வெச்சுக்குங்க.”

நான்கு மணிக்கு அவனைக் கொண்டுவந்து விட்டார்கள். வலது கை மடங்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். உள்ளே இன்ஸ்பெக்டரும் அழுதார் என்பார் எழுத்தர், அது கால்வலியால்.

அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள் காவல். அவள் எழுந்தால் விசில் ஊதுவான், தெருக்கோடி நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மேசையைப் பிடித்துக்கொள்வார். இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனதும் அவருக்கு அடுத்தவரை அது பிடித்துக்கொண்டது. அவளைத் தீர்த்துக்கட்டிவிடலாமா என்று மேலிடத்தில் ஒருமுறை பேச்சு வந்ததாம். செத்தவர் உட்கார்ந்த கணக்கா, நின்ற கணக்கா என்று யாருக்கும் தெரியாததால் விட்டுவிட்டார்கள். அவள் உயிர் அந்தச் சந்தேகத்தில் தொங்கியது. அது அவளுக்கும் தெரியும், பயமும் இருந்தது. ஆனாலும் யாராவது வந்து பிள்ளையைக் காணோம் என்று நின்றால் எழுந்துவிடுவாள். ஏழு வருடத்தில் அப்படிப் பதினோரு முறை எழுந்தாள். பதினோரு பேரும் பொழுது சாய்வதற்குள் வீடு வந்தார்கள்.

பன்னிரண்டாவதாக வந்தவள் ஒரு பஸ் டிரைவரின் மனைவி. மகனைக் காலையில் கூட்டிப்போனார்கள், இப்போது இல்லவே இல்லை என்கிறார்கள் என்றாள். “வேணாம்க்கா” என்று கான்ஸ்டபிள் கெஞ்சினான். பிரம்பக்கா எழுந்து நின்றாள். பொழுது சாய்ந்தது, யாரும் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. திருப்பி அனுப்ப அவர்களிடம் ஆள் இல்லை என்பது தெருவுக்கே புரிந்தது. கடைசியில் எழுத்தர் வந்தார்.

“எத்தனை நாள் நின்னாலும் அவன் வரமாட்டான்மா. உட்கார்ந்துடு.”

“இதை அவன் அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. உட்கார்றேன்.”

யாரும் போகவில்லை. அது நடந்து ஒன்பது வருடமாகிறது. நிலையத்தில் இப்போது மேசைகள் நெஞ்சுயரம். புதிதாக வரும் இன்ஸ்பெக்டர் முதல் நாளே தச்சரிடம் அளவு கொடுத்துவிடுகிறார். பிரம்பக்கா பலகையை உயர்த்திக் கட்டி நின்றபடியே பின்னுகிறாள். டிரைவரின் மனைவி தினமும் வந்து, பிரம்பை நனைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறாள்.