நாலு மணிக்கு மூடும் படிவம்

காரின் பானெட் மேல் ஏறி நின்று செல்போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார் சாமிதுரை. இடுப்பில் பட்டு வேட்டி. கையில் அரியலூர்க் காதுகுத்து விருந்தின் கறி வாசம். ஊர் திரும்பும் வழி, சுற்றிலும் குன்னம் ஊரின் மக்காச்சோளக் காடு. மணி 3.51. சிக்னல் ஒரே ஒரு கோடு.

நாலு மணிக்குப் படிவம் மூடிவிடும்.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறைத் தலைவர் அவர். உயிரியல்காரர்களுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லித்தரும் பத்து நாள் ஆன்லைன் பயிற்சிக்கு இன்று கடைசி நாள். கருத்துப் படிவத்தைப் பதிவுசெய்த போனிலிருந்து நிரப்பினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் திங்கட்கிழமை பதவி உயர்வு நேர்காணல். 'பேராசிரியர்' என்ற பித்தளைப் பலகையைப் போன மாதமே வீட்டு கேட்டில் மாட்டியாகிவிட்டது!

பயிற்சியா? "தவளை என்ன கணக்குப் போட்டுட்டா குதிக்குது?" என்று ஸ்டாஃப் ரூமில் கெக்கலித்தவர் அவர். பத்து நாளும் அவர் பெயரில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தது ஆய்வக உதவியாளர் வேம்பு. கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டுத் தவளை ஜாடி கழுவுகிறவள்.

போன் அலறியது. வேம்புதான்.

"சார், லிங்க் வந்துருச்சுங்க, உங்களுக்கு அனுப்பிட்டேன். அப்பறம் சார், மதியத்துலேர்ந்து..."

"அப்பறமும் கெடையாது, விழுப்புரமும் கெடையாது! உன்கிட்ட வெளக்கம் கேட்டனா? ஜாடி கழுவுற வேலையப் பாரு."

துண்டித்தார். லிங்க் திறந்தது. மணி 3.56.

பயிற்சி எப்படி? மிக நன்று. இன்று நந்தினி நடத்திய மதிய வகுப்பில் உங்களைக் கவர்ந்தது எது? கொஞ்சமும் கூசாமல் தட்டினார்: 'பயிற்சியாளர் நந்தினியின் குரல் வெண்கல மணி. ஒவ்வொரு சொல்லும் தெளிவு.'

3.59. அனுப்பினார். பானெட்டிலிருந்து குதித்தார்.

சான்றிதழ் வரவில்லை. அழைப்பு வந்தது.

"வணக்கம் சார், நந்தினி பேசறேன். உங்ககிட்ட படிச்ச ரெட்டிபாளையம் நந்தினி. 'ஆராய்ச்சியெல்லாம் ஒனக்கெதுக்கு, சிமெண்ட் ஃபேக்டரியில பில்லு போடப் போ'ன்னு சொன்னீங்களே, அந்த நந்தினி."

"அடடே, நம்ம பொண்ணு! பிரமாதமா நடத்துன போ!"

"மதிய வகுப்புல குரல் நல்லாக் கேட்டுச்சுங்களா?"

"கணீர்னு!"

"மதியம் ரெண்டு மணிக்கே மைக்க ஆஃப் பண்ணிட்டேன் சார். வேணும்னேதான். ஒன்னரை மணி நேரம் சும்மா வாயசைச்சேன். இருநூத்திப் பதினாலு பேரும் 'அருமை'ன்னு எழுதியிருக்கீங்க."

சாமிதுரை போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஒரே ஒருத்தர் மட்டும் ரெண்டு அஞ்சுக்கே வகுப்பு சாட்ல 'மேடம், சத்தம் வரல'ன்னு எழுதுனாங்க. மூணு தடவ. பத்து நாளும் கணக்கெல்லாம் சரியாப் போட்டதும் அவங்கதான்."

"யாரும்மா அது?"

"அதத்தான் சார் உங்ககிட்ட கேக்கறேன். எழுதுனது உங்க பேர்லேர்ந்து. அவங்க பேரச் சொல்லுங்க, சான்றிதழ் அடிக்கணும்."