மணிக்கு இருபது நிமிஷம்

“அப்பா, அடிக்கிற கைக்கு வலிக்காதா?”

ஆஸ்டின் டவுன் வீட்டில் பெல்ட்டோடு நின்ற அப்பாவிடம் நாலு வயது மகா ஒருநாள் கேட்டாள். அடி வாங்கிக்கொண்டிருந்த அண்ணன் விக்கிக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த விக்கி இப்போது பி.காம். கடைசி வருஷம். அன்றைய தேர்வை அரைகுறையாக எழுதிவிட்டு, லிஃப்ட் பக்கத்தில் கூட்டாளிகளோடு நின்று பொருமிக்கொண்டிருந்தான். போன வருஷம் கல்லூரியில் மாற்றுத்திறனாளிகள் மூன்று பேர். இந்த வருஷம் பதினாலு. அவர்களுக்கு லிஃப்ட், எழுதிக்கொடுக்க ஆள், மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல். அந்த நேரம் பார்த்து வாக்கரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டிலிருந்து வந்தான் அவன் வகுப்பு கிஷோர். பிறவியிலேயே கைகால் இழுத்துக்கொள்ளும். பேச்சும் மெல்லத்தான் வரும்.

“ஏன் மச்சி, நானும் ஒரு கால ஒடச்சிக்கிட்டா எக்ஸ்ட்ரா டைம் கெடைக்குமா?” என்றான் விக்கி.

“கால ஒடச்சா வாக்கர்தான் கெடைக்கும்,” என்று கிஷோர் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். “மார்க்குக்குப் படிக்கணும்.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புதான் கெடுத்தது. விக்கி வாக்கரை எட்டி உதைத்தான். கிஷோர் குப்புற விழுந்தான். பல் ஒன்று தெறித்தது. விலாவில் உதை, மறுபடி உதை. தலைமுடியைப் பிடித்துத் தூக்கி லிஃப்ட் கதவில் மோதினான். சிரித்தவர்கள் ஓடிப்போனார்கள். மூக்கைப் பார்த்து ஓங்கிய கடைசிக் குத்து, கிஷோர் சரிந்துவிட்டதால், லிஃப்ட் கதவின் இரும்புச் சட்டத்தில் விழுந்தது. விக்கியின் வலது மணிக்கட்டு மளுக்கென்றது.

மறுநாள் கடைசித் தேர்வு. மாவுக்கட்டோடு வந்த விக்கிக்கும் எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். கூப்பிட்ட ஜூனியர் ஒருத்தரும் வரவில்லை. மணியடிக்கப்போகும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் சிந்து. தாவரவியல் முதல் வருஷம், கிஷோருக்கு எழுதுகிறவள்.

“கிஷோர் அண்ணா அனுப்பினாரு. அவரு ஆஸ்பத்திரில இருக்காரு, இன்னிக்கு எழுத முடியாது. கை இல்லாதவன் கஷ்டம் எனக்குத் தெரியும், போய் எழுதுன்னாரு.”

“யாரு அடிச்சான்னு சொன்னானா?”

“விழுந்துட்டேன்னு பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டாரு. அடின்னு வெளிய தெரிஞ்சா, அவர மாதிரி இருக்கற மத்த பதிமூணு பேரயும் பயந்துபோய் வீட்டுல நிறுத்திடுவாங்களாம்.” பேனாவைத் திறந்தாள். “யாராவது அடிச்சிருந்தாத்தான் மறுதேர்வு, தானா விழுந்தா கெடையாது. அவருக்கு ஒரு வருஷம் போச்சு. நீங்க சொல்லுங்க. சொல்றத மட்டுந்தான் எழுதுவேன்.”

அவன் சொன்னதில் ஒரு காற்புள்ளியைக்கூட அவள் மாற்றவில்லை. நடுவில் தண்ணீர் பாட்டிலை மட்டும் திறந்து, அவன் இடது கைப்பக்கம் வைத்தாள். அவள் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அடித்ததை ஒத்துக்கொண்டால் அவன் தேர்வு ரத்தாகும். பொம்மனஹள்ளியில் பேசி வைத்திருந்த வேலையும் போகும். எல்லாரும் போனபிறகு, காலி வகுப்பில் உட்கார்ந்து இடது கையால் எழுதினான்: ‘கிஷோர் விழவில்லை. அடித்தது நான்தான். தண்டனை எனக்கு, மறுதேர்வு அவனுக்கு. மற்ற பிள்ளைகள் வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.’ கீழே முழுப்பெயர், பதிவு எண்.

பிரின்சிபால் அறை பூட்டியிருந்தது. குனிந்து, கடிதத்தைக் கதவுக்கடியில் தள்ளினான். விளிம்பு கொஞ்சம் வெளியே நின்றது. அதையும் விரலால் உள்ளே தள்ளிவிட்டு எழுந்தான்.