நாலு விரல் கூடுதல்

தசரா கால்பந்துப் போட்டி முடிந்துவிட்டது என்பது அன்னபூர்ணிக்கு மேளச் சத்தத்திலேயே தெரிந்தது. அது யார் வாசலில் வந்து நிற்கப்போகிறது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

அவள் கணவன் சாம்பு பதினாலு வருஷமாக மைசூர் ரயில்வே அணியின் ஃபுல்பேக். கோலுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்று, பந்தோடு வருகிறவனையெல்லாம் தடுக்கிற வேலை. தடுத்தவனை யாரும் தோளில் தூக்குவதில்லை. கோல் போட்டவனுக்குத்தான் மாலை. அந்த மல்லிகை மாலையை அவன் பெண்டாட்டி முழம் முழமாக நறுக்கி மற்ற ஆட்டக்காரர்களின் வீடுகளுக்குக் கொடுப்பது ரயில்வே குவார்ட்டர்ஸ் வழக்கம். பக்கத்து வீட்டுப் பாச்சு அணியில் சேர்ந்த இந்த ஒன்பது வருஷமாக நறுக்குகிற கை பெரும்பாலும் அவன் மனைவி பாலாம்பாளுடையதுதான். நியாயமாகவே அளப்பாள். அன்னபூர்ணிக்கு மட்டும் நாலு விரல் கூடவே விடுவாள். அந்த நாலு விரல்தான் இவளுக்கு எரியும். சிரித்துக்கொண்டே தலையில் வைத்துக்கொள்வாள். பாலாம்பாள் போனதும் பிடுங்கிக் கொல்லைப் பசுவுக்குப் போடுவாள். அது தின்று முடிக்கிறவரை நின்று பார்ப்பாள். பிறகு தன்மேலேயே ஒரு வெறுப்பு வரும். அதுவும் பாலாம்பாளால்தான் என்று தோன்றும்.

இன்று சாம்புவுக்குக் கடைசி ஆட்டம். முழங்கால் இனித் தாங்காது. விலகுகிறவனின் கடைசி ஆட்டத்தில் பெனால்டி கிடைத்தால் அவனையே அடிக்கவிடுவது அணியின் மரியாதை. காலையில் விளக்கேற்றி அவள் கேட்டது அதைத்தான். ஒரு பெனால்டி. ஒரே ஒரு தடவை அவள் நறுக்க வேண்டும், பாலாம்பாள் கை நீட்ட வேண்டும்.

மேளம் பக்கத்து வாசலில் நின்றது.

சற்றைக்கெல்லாம் பாலாம்பாள் வந்தாள். "இந்தாடி பூர்ணி. இன்னிக்கு உனக்கு ரெண்டு முழம்."

"எதுக்காம்?"

"பெனால்டி கெடச்சுதாம். உங்காத்துக்காரர்தான் அடிக்கணும்னு எல்லாரும் நின்னாளாம். அவர் பந்தை எடுத்து எங்காத்துக்காரர் கையில குடுத்துட்டாராம். எங்காத்துல இருக்கே ஒண்ணு, செத்தாலும் குடுக்காது!"

அன்னபூர்ணி பூவை வாங்கிக்கொண்டாள். தலையில் வைக்கக் கை எழவில்லை.

சாம்பு நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வெந்நீர் பேசினை அவன் முன்னால் தள்ளிவிட்டாள், கொஞ்சம் பலமாகவே.

"ஏன்னா குடுத்தேள்?"

"பந்து வெளியில போயிருந்தா?"

"போனா போறது. நீங்க அடிச்சேள்னு இருந்திருக்குமே."

அவன் கால்களைத் தண்ணீரில் இறக்கினான். "தடுக்கறச்சே எனக்குப் பயமே வந்ததில்லைடி. இன்னிக்கு என்னைத் தடுக்க எதிர்ல ஒருத்தன் நின்னான் பாரு, கால் வெடவெடன்னு ஆடித்து." சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "பாச்சு மட்டும் எப்படித்தான் அடிக்கிறானோ. ஒன்பது வருஷமா வயிறு எரியறது எனக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டில் அது தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். அவள் பேசினருகே உட்கார்ந்து பாதத்தைத் தேய்க்கக் கையை நீட்டினாள். தண்ணீருக்குள் அவன் வலது கால் மெல்லப் பின்னால் போய், முன்னால் வந்து இல்லாத பந்து ஒன்றைத் தள்ளியது. மறுபடியும் பின்னால் போனது. அவன் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை தண்ணீருக்கு மேலேயே நின்றது.