மேலும் கேட்டால்

நாடாளுமன்றத்தில் தான் பேசியதையெல்லாம் பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் மொமோசே கெய்ஜி மாதந்தோறும் மடலாக அச்சடித்துத் தொகுதி முழுவதும் அனுப்பிவிடுவார். 'விவாதங்களில் நம் உறுப்பினரின் பங்களிப்பு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே, கையை உயர்த்தி அவர் முழங்குகிற படம். நகாசே விரிகுடாவின் கொட்டகைகளில் பெண்கள் அந்த மடலை விரித்துப் போட்டு அதன் மேல் சிப்பி உடைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்புவார். சிப்பி உடைக்கும்போதாவது ஒருத்தி படிக்க மாட்டாளா என்ற ஆசைதான்.

அந்தப் பங்களிப்பில் அவருடைய சொந்தச் சரக்கு எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. எதிர்க்கட்சிக்காரர்கள் எதைப்பற்றிக் கேட்கப் போகிறோம் என்று முதல் நாளே சொல்லி அனுப்புவார்கள். அதிகாரிகள் தூக்கம் கெட்டுப் பதில் எழுதுவார்கள். இவர் காலையில் எழுந்து நின்று வாசிப்பார். பதவி ஏற்ற நாளிலிருந்து அவைப் பதிவில் அவர் பெயருக்கு நேரே ஏறிய சொற்களில் அவரே யோசித்துச் சொன்னது, ஒருமுறை புரையேறியபோது "மன்னிக்கவும், கொஞ்சம் தண்ணீர்" என்றது ஒன்றுதான். விருந்துகளில் இதைச் சொல்லி அவரே எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

அன்று காலை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அமைச்சகத்தின் பிரிவுத் தலைவர் யாகுரா, குழுக் கூட்டத்துக்கான பதில் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். அமைச்சர் அன்று மேலவையில் மாட்டிக்கொண்டதால், கீழவைக் குழுவில் பதில் சொல்லும் பொறுப்பு துணை அமைச்சரின் தலையில் விழுந்திருந்தது.

"படகு விபத்துக்கு இதுதான் சார் பதில். 'இறந்தவரின் கணிப்புத் தவறு காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணை கூறுகிறது. ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறேன்.' அவ்வளவுதான். படிச்சுட்டு உக்காந்துடுங்க."

மொமோசேயின் கண் தாளின் கீழ்ப்பகுதிக்குப் போயிற்று. கோடு போட்டுப் பிரித்து, 'மேலும் கேட்டால்' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு பதில்கள் இருந்தன. பயிற்சியை நிறுத்தச் சொல்லி வயர்லெஸ்ஸில் தகவல் வந்ததா என்று கேட்டால்: வந்தது, இருமுறை, இறந்தவரிடமிருந்து, தொடரும்படி உத்தரவிடப்பட்டது. வயர்லெஸ் கருவி பழுதா என்று கேட்டால்: பழுதில்லை.

"இதை முதல்லயே சொன்னா என்ன?"

யாகுரா சங்கடமாகச் சிரித்தார். "கேட்டா சொல்லியே ஆகணும் சார். குழுவுல பொய் சொல்லக் கூடாது. ஆனா கேக்காததை நாம எதுக்கு எடுத்துக் கொடுக்கணும்? இலையுதிர் காலப் பயிற்சி இருக்கு, பட்ஜெட் இருக்கு. அதுக்கப்புறம் மந்திரிசபை மாற்றமும் இருக்கு. உங்க பேரு அடிபடுதே சார்."

அடிபடுவது உண்மைதான். 'துணை' என்கிற சொல்லைத் தன் பெயர்ப் பலகையிலிருந்து உதிர்த்துவிட மொமோசே காத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தத் தாளை அவரால் கீழே வைக்க முடியவில்லை. பயிற்சிப் படகைச் செலுத்தி இறந்த படைவீரன் அவர் தொகுதிப் பையன். இசோபே தகுமா. அவன் அம்மா நாமியே, நகாசேயில் சிப்பி வளர்க்கிறவள்.

போன மாதம் அவர் அந்த வீட்டுக்குப் போய் அவன் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டார். நாமியே அழவில்லை. தேநீர் வைத்துவிட்டு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நடக்கத் தெரியிறதுக்கு முன்னாடியே என்கூடப் படகுல வந்தவன் ஐயா. அலையைப் பாத்தா அவனுக்குத் தெரியும். கணிப்புத் தவறுன்னு எழுதிட்டாங்க. மீனவர் சங்கத்துல என் முகத்தைப் பாத்து ஒருத்தரும் பேசுறதில்ல. என் பையனாலதான் இன்னும் ரெண்டு பசங்க அடிபட்டுக் கிடக்குறாங்கன்னு நினைக்கிறாங்க."

"நான் பாத்துக்கிறேன் அம்மா."

"எனக்குப் பணம் வேண்டாம். நாடாளுமன்றத்துல பேசுறது அப்படியே பதிவுல நிக்குமாமே. என்ன நடந்துச்சுன்னு நீங்க அங்க சொல்லணும். நான் வந்து உக்காந்து கேக்குறேன்."

"உள்ளது உள்ளபடி சொல்றேன்" என்று மொமோசே வாக்குக் கொடுத்தார். அப்போது உள்ளது என்னவென்று அவருக்கே தெரியாது. வாக்குக் கொடுக்க அதனால்தான் அவ்வளவு சுலபமாக இருந்தது.

இப்போது தெரிந்துவிட்டது. எதிர்க்கட்சியின் சவாகி அம்மையார் ஒரே ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்டால் போதும். மொமோசேயின் வாக்கும் நிற்கும், பதவியும் தப்பும். கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று கையை விரித்துவிடலாம். தன்னைத் திணறடிக்க வருகிறவள் நன்றாகத் திணறடிக்க வேண்டுமே என்று ஒரு துணை அமைச்சர் வேண்டிக்கொண்டது அன்றுதான் முதல்முறையாக இருக்கும்.

லிஃப்ட் வாசலில் சவாகி எதிர்ப்பட்டாள். குட்டையான உருவம், வெடுக்கென்ற பேச்சு. மொமோசே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னைக்கு நல்லா தோண்டிக் கேளுங்க."

"என்ன கிண்டலா?"

"இல்லைங்க. படகு விஷயத்துல ஒரு கேள்வியோட விட்டுடாதீங்க."

"ஓகோ! எங்களுக்குக் கேள்வி கேக்கவே நீங்க பாடம் எடுக்குற அளவுக்கு ஆயிடுச்சா? மொமோசே சார், படைக்குன்னு அந்த ஓட்டைக் கருவிகளை யார் பேச்சைக் கேட்டு வாங்கினீங்கன்னு கேப்பேன். அதுக்குத் தண்ணி குடிச்சிட்டு வாங்க. போன தடவை மாதிரி புரையேறப் போகுது!"

அவர் வாயைத் திறப்பதற்குள் யாகுரா தாள் கட்டோடு வந்து சேர்ந்தார். மொமோசே திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

குழு அறையின் பின்வரிசையில், பார்வையாளர் இடத்தில், கறுப்பு உடையில் நாமியே உட்கார்ந்திருந்தாள். மகனின் படத்தைக் காவலர்கள் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். மடியில் இரண்டு கைகளும் எதையோ பிடித்திருப்பது போலவே இருந்தன. மொமோசே ஒருமுறை பார்த்தார். மறுபடி பார்க்கத் துணிவில்லை.

"துணை அமைச்சர் மொமோசே-குன்!" அறுபதைத் தாண்டிய மனிதரைப் பள்ளிப் பையனைப் போல அழைத்தார் குழுத் தலைவர். அது அந்த அவையின் வழக்கம்.

அவர் எழுந்து வாசித்தார். கணிப்புத் தவறு. முதற்கட்ட விசாரணை. ஆழ்ந்த இரங்கல். சவாகி தன் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த விஷயத்துக்குப் போகத் தயாராகிவிட்டாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. மொமோசேக்குப் பகீரென்றது. உட்கார வேண்டியவர் உட்காரவில்லை. தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அன்று வயர்லெஸ்ஸில் நடந்த தகவல் பரிமாற்றம் உட்பட, எல்லாமே ஆராயப்படும்."

பின்னால் யாகுராவின் நாற்காலி கிறீச்சிட்டது.

"வயர்லெஸ்ஸா?" சவாகி துள்ளி எழுந்தாள். "அறிக்கையில அந்த வார்த்தையே இல்லையே! எதை மறைக்கிறீங்க?"

"மறைக்கிறாங்க! மறைக்கிறாங்க!" என்று எதிர்வரிசையிலிருந்து கூச்சல் கிளம்பியது. "உக்காரு! பதில் முடிஞ்சிடுச்சு!" என்று ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஓடிப்போய்த் தலைவரின் இருக்கையைச் சூழ்ந்துகொண்டார்கள். சவாகியும் அந்தக் கும்பலுக்குள் புகுந்துவிட்டாள்.

"சுருக்கெழுத்தை நிறுத்துங்க" என்றார் தலைவர்.

நடுவில் உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். இனி அது மறுபடி ஓடும்வரை, அந்த அறையில் யார் என்ன பேசினாலும் பேசாததுதான். மொமோசேயைச் சுற்றி அதிகாரிகள் மொய்த்தார்கள். "என்ன சார் இது, தாள்ல இல்லாததை..." என்று யாகுரா கெஞ்சாத குறையாக முணுமுணுத்தார்.

அப்போதுதான் நாமியே எழுந்து நின்றாள். பார்வையாளர் எழக் கூடாது, பேசக் கூடாது. அவள் இரண்டையும் செய்தாள்.

"ஐயா! வயர்லெஸ்ல என் பையன் என்ன சொன்னான்?"

காவலர்கள் இருபுறமும் நெருங்கினார்கள். மொமோசே அதிகாரிகளை விலக்கிக்கொண்டு திரும்பினார். இத்தனை வருடமாக அந்தக் கட்டடத்துக்குள் வாயில் வராத ஊர்ப் பேச்சு தானாக வந்தது.

"நிறுத்தச் சொன்னாம்மா. அலை ஏறுது, நிறுத்தலாம்னு சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். மேல இருந்தவங்கதான் கேக்கல. அவன் மேல தப்பு இல்லம்மா."

நாமியே வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் உதிர்ந்தது. காவலர்கள் அவளை மெதுவாகத்தான் வெளியே அழைத்துப் போனார்கள். கதவு வரை அவள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மொமோசே உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. சொல்லிவிட்டேன், தெரியவேண்டியவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் அவரைக் கெடுத்தது.

"சுருக்கெழுத்து தொடரலாம்" என்றார் தலைவர். கும்பல் கலைந்தது. பேனாக்கள் மறுபடி ஓடத் தொடங்கின. இரைச்சலில் சிக்கியிருந்த சவாகிக்கு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. வெற்றிக் களையோடு மைக்கின் முன் வந்து நின்றாள்.

"நேராவே கேக்குறேன். அந்த வயர்லெஸ் கருவி பழுதா இருந்ததுதானே? அந்த ஓட்டைக் கருவியைத்தானே மறைக்கிறீங்க?"

மொமோசே எழுந்தார். யாகுராவின் விரல் தாளின் கடைசி வரியில் ஊன்றியிருந்தது. அதற்கு மேல் வரியில் தகுமா இருந்தான். 'கருவி பழுதில்லை. அதில் ஒருவன் இருமுறை பேசினான்.' சேர்த்துச் சொல்ல ஒரு மூச்சுகூட ஆகாது. சுருக்கெழுத்தாளர் தலை நிமிர்ந்து அவர் வாயைப் பார்த்தார். பின்வரிசையில் நாமியே உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. அவள் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்.

"வயர்லெஸ் கருவியில் எந்தப் பழுதும் இல்லை" என்று வாசித்தார். உட்கார்ந்தார்.

சவாகியின் முகம் சுருங்கிப்போனது. மீதி நேரம் முழுவதும் கருவிகள் வாங்கிய விவகாரத்திலேயே ஓடியது. படகு மறுபடி கரைக்கு வரவேயில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, நீண்ட நடைவழியின் சன்னல் ஓரத்தில் நாமியே காத்திருந்தாள். காவலர்கள் படத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதை நெஞ்சோடு அணைத்தபடியே, இடுப்பு மடியக் குனிந்து வணங்கினாள். குனிந்தவள் நிமிர வெகு நேரமாயிற்று.

"ஐயா, வாக்கைக் காப்பாத்திட்டீங்க. எனக்கு இனிமே தூக்கம் வரும்."

"இருக்கட்டும்மா..."

"பதிவு அச்சாகி வர எத்தனை நாள் ஆகும்? வந்ததும் படத்துக்கு முன்னாடி வைக்கணும். சங்கத்துக்கும் ஒண்ணு கொடுக்கணும்." அவள் முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பு ஒன்று வந்தது. "உங்க மடல்லயும் போடுவீங்கல்ல? அது மேல நாங்க சிப்பி உடைப்போம், கோவிச்சுக்காதீங்க. இதை மட்டும் உடைக்க மாட்டேன்."

"கொஞ்ச நாள் ஆகும்" என்றார் மொமோசே. தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தார். எப்படிச் சொல்வது என்று தேடினார்.

தேட வேண்டிய தேவையில்லாமல் யாகுரா வேகமாக வந்து சேர்ந்தார். வேர்த்திருந்த முகமெல்லாம் சிரிப்பு. கறுப்பு உடையில் நின்றவள் யாரென்று அவருக்குத் தெரியாது. அறையில் அவள் எழுந்து கத்தியபோதும் அவர் தாள்களிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"அப்பாடா! உயிரே போயிடுச்சு சார். நல்லவேளை, சுருக்கெழுத்து நின்னிருந்த நேரம். நீங்க சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பதிவுல ஏறல. திருப்பி ஆரம்பிச்சதும் அழகா சமாளிச்சிட்டீங்க!"

நடைவழியில் யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். நாமியே யாகுராவைப் பார்த்தாள். பிறகு மொமோசேயைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து போவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏறலையா?"

"அம்மா, திருப்பி ஆரம்பிச்சப்போ... அந்தம்மா அதைக் கேக்கல. கருவி பழுதான்னுதான் கேட்டாங்க. கேட்டிருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பேன்."

நாமியே படத்தைத் திருப்பி அதன் முகத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"என் பையனையும் யாரும் கேக்கல ஐயா" என்றாள். "அவனாத்தான் சொன்னான்."

வணங்காமல் திரும்பி நடந்தாள்.