இருபத்துமூன்றாம் போர்ட்

இடி விழுந்ததில் அந்தத் தெருவின் நாற்பது வீட்டு இணையப் பெட்டிகளும் கருகிவிட்டன. லைன்மேனான நான் அத்தனையையும் மாற்றி முடித்தபோது மணி மூன்றேகால். ஒன்றிலும் பச்சை விளக்கு எரியவில்லை. கடைசி வீட்டுப் பெண்ணுக்கு நான்கு மணிக்கு வீடியோவில் வேலை நேர்காணல். எட்டு மாதம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்தது. அங்கே கைப்பேசி சிக்னல் பேச்சுக்குத் தாங்கும், முகம் காட்டத் தாங்காது.

அலுவலகத்தில், ஊர் இணைப்புகள் எல்லாம் வந்து சேரும் பெரிய ரௌட்டரைக் கவனிப்பவள் என் மனைவியின் தங்கை. அவளைக் கூப்பிட்டேன்.

"என்ன மாமா, தெருவையே முடக்கிட்டீங்களா?"

"இடி பண்ணதுக்கு என்னைத் திட்டாத. சீக்கிரம் பாரு தாயே!"

இந்த இணைப்பில் யாரும் பெயரைத் தட்டி உள்ளே நுழைவதில்லை. வீட்டுப் பெட்டி 'முகவரி கொடு' என்று கேட்டதும், ரௌட்டரே அவர்களுக்காக ஒரு பெயரைக் கட்டி, சந்தாதாரர் பட்டியல் உள்ள சர்வரிடம் 'இவர் நம்மவரா?' என்று விசாரிக்கும். அந்தப் பெயர் இதுவரை பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்துக் கட்டப்பட்டது. பெட்டி மாறியதும் நாற்பது பேரும் அந்நியர்கள்.

"புதுப் பெட்டி நாப்பது எண்ணையும் படிக்கட்டுமா?"

"ஒவ்வொண்ணும் பன்னெண்டு எழுத்து. நீங்க முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு ரிட்டயரே ஆயிடும்."

தெருமுனைக் கம்பத்துக் கருவியில் ஒவ்வொரு வீட்டு வயரும் செருகியிருக்கும் துளையை, அதாவது போர்ட்டை, வைத்துப் பெயர் கட்டும்படி ரௌட்டரை மாற்றப்போவதாகச் சொன்னாள். அந்தக் கருவி ஒவ்வொரு கோரிக்கையிலும் போர்ட் எண்ணைத் தானே சேர்த்து அனுப்பும். பெட்டி எத்தனை முறை எரிந்தாலும் பெயர் மாறாது. எந்த வீடு எந்த போர்ட் என்ற என் பதிவு அவளிடம் இருந்தது. முதலில் சர்வரில் புதுப் பெயர்களை ஏற்றினாள். பிறகுதான் ரௌட்டரைத் தொட்டாள், அதுவும் இந்தத் தெருவுக்கு மட்டும். நானாக இருந்தால் பதற்றத்தில் ஊருக்கே மாற்றி, ஒழுங்காக இருந்தவர்களையும் வெளியே நிறுத்தியிருப்பேன்.

மூன்று ஐம்பதுக்கு முப்பத்தொன்பது வீடுகள் வந்துவிட்டன. நான் நின்றிருந்த அந்தக் கடைசி வீடு மட்டும் வரவில்லை.

"மாமா, இருபத்துமூணாம் போர்ட்டுன்னு ஒரு பேர் வந்து வாசல்ல நிக்குது, பட்டியல்ல இல்ல. யாரையாவது இடம் மாத்துனீங்களா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருபத்திரண்டாம் போர்ட் கருகியிருந்ததால் இந்த வீட்டு வயரைப் பக்கத்துப் போர்ட்டில் செருகியிருந்தேன், எழுத மறந்துவிட்டேன். என் கை செய்த பிசகை, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு பெயரைப் பார்த்தே பிடித்துவிட்டாள்!

"உங்க அக்காகிட்ட சொல்லிடாத."

"அதை அப்புறம் பேரம் பேசலாம். பட்டியல்ல மாத்திட்டேன், விளக்கைப் பாருங்க."

பச்சை! அந்தப் பெண் ஒரு கையால் தலையை வாரிக்கொண்டே, மறு கையால் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். என் கருவிப் பை உள்ளேயே மாட்டிக்கொண்டது.

"வணக்கம் சார், நீங்க பேசறது தெளிவா கேக்குது" என்று அவள் சொல்வது கேட்டது.

"மாமா, என்னாச்சு?" என்றாள் மச்சினி போனில்.

"உஷ்ஷ்" என்றேன்.