இரண்டு சாவியும் உள்ளே

அழகுமுத்து கார் வாங்கிய வருஷம் ஆயுத பூசை வந்தபோது அவன் பெண்டாட்டி பூரணிக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே இருக்காதா? அக்கரப்பத்தனைப் பக்கம் அதுவரை கார் வைத்திருந்தவர்கள் தோட்டத்துத் துரைமாரும், பெரிய கங்காணியும், கடைவீதி முதலாளிகள் இரண்டொருவரும்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்து, லைசென்ஸ் எடுத்து, பழைய ஒஸ்டின் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிற முதல் ஆள் அவள் புருஷன். இதை யாரிடமாவது சொல்லாமல் பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்துவர அவளால் முடியாது.

சுவரொட்டிய அடுத்த காம்பராப் பேச்சியம்மாவுக்கு இது பொறுக்குமா? காரை அழகுமுத்து லயத்துக்கு மேலே ரோட்டோரம் நிறுத்தி, ஈரத்துணியால் துடைக்கும்போதெல்லாம் வாசலில் வந்து நின்றுகொள்வாள்.

"ஏன்டி பூரணி, காருக்கு எலை போட்டுச் சோறு வைக்கலையா? பசியா இருக்கப் போகுது!"

"வைக்கிறேன் பெரியம்மா. நீங்க வந்து பரிமாறுங்க."

இப்படிப் பதிலுக்குப் பதில் கொடுத்துவிட்டாலும் உள்ளுக்குள் பூரணிக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். லயத்துக்காரனுக்குக் கார் எதற்கு என்று பேச்சியம்மா வாய்விட்டுக் கேட்டாள். மற்றவர்கள் கேட்காமல் பார்த்தார்கள். இந்தக் கார் நம்மைத் தலைநிமிர வைக்குமா, இல்லை நாலு பேர் சிரிக்க வைக்குமா என்று அவளுக்கு ராத்திரியெல்லாம் அதே யோசனை.

ஆயுத பூசையன்று வேலை இல்லை. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண் கிளறுகிற முள்ளு, மண்வெட்டி, கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் அடுக்கினார்கள். வைத்ததை மறுநாள் விடியும்வரை யாரும் தொடக்கூடாது. அது அங்கே மாறாத வழக்கம். காரைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மன் முன்னால் வைக்க முடியுமா? அதனால் டிரைவர் சீட்டிலேயே வாழையிலை போட்டு, பொரி, கடலை, பழம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, இலை நடுவில் சாவியை வைத்தான் அழகுமுத்து. மாமியார் காளியாயி சாவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

"இன்னொரு சாவி தகரப் பொட்டிக்குள்ள கெடக்கே, அது?" என்றாள் பூரணி.

"அது கெடக்கட்டுமே."

"அதுவும் ஆயுதந்தானேங்க? ஒன்னுக்குப் பொட்டு வச்சு இன்னொன்ன மூலையில போட்டா நல்லாவா இருக்கும்?"

அழகுமுத்து சிரித்தான். அவள் ஓடிப்போய் எடுத்துவந்து அதையும் பக்கத்தில் வைத்து, அதற்கும் பொட்டு வைத்தாள். புகை உள்ளேயே சுற்றுகிறதென்று நாலு கதவையும், டிரைவர் கதவின் முக்கோணக் கண்ணாடியையும் அழகுமுத்து திறந்துவிட்டான். அதன் கீல் துருப்பிடித்துப்போய் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அப்புறம் தாயும் மகனும் கோயிலுக்குப் போக, பூரணி காவலுக்கு நின்றாள்.

நின்றவள் சும்மா நின்றாளா? அன்று காலையில்தான் வளையல்கார ராசிக் பாய் சோப்பு நுரை போட்டு, கையைப் பிசைந்து பிசைந்து, கைக்கு ஏழாகப் பச்சைக் கண்ணாடி வளையல் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். மணிக்கட்டில் ஆடக்கூடாது, இறுக்கிப் பிடித்தால்தான் அழகு என்பார் அவர். பூரணி கையைத் திருப்பித் திருப்பிக் கார்க் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மாவின் வெள்ளாடு திறந்திருந்த கதவு வழியாகத் தலையை விட்டு இலையின் நுனியைக் கடித்துவிட்டது.

"அடச் சனியனே! சாமி எலையிலயா வாய் வைக்கிற?"

காதைப் பிடித்து இழுத்து ஆட்டை விரட்டினாள். மறுபடி வந்துவிடக்கூடாதே என்று, புருஷன் தினமும் செய்கிற மாதிரியே உள்கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு நாலு கதவையும் படார் படாரென்று சாத்தினாள். அந்தக் கைப்பிடியைத் தூக்கிச் சாத்தினால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். நாலாவது கதவையும் சாத்திவிட்டு, கெட்டிக்காரிதான் நான் என்று நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு உள்ளே இரண்டு சாவியும் பொட்டும் பூவுமாகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

ஐயோ! கதவை இழுத்தாள், ஆட்டினாள், முக்கோணக் கண்ணாடி வழியாக ஒரு கம்பியை வளைத்துவிட்டுப் பார்த்தாள். கம்பி கைப்பிடியைத் தொடும், வழுக்கும், தொடும், வழுக்கும். எப்படியும் விடியும்வரை சாவியைத் தொடப்போவதில்லை, அதற்குள் யாராவது வழி சொல்வார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் லயத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது.

பேச்சியம்மா முந்தானை அவிழ்ந்தது தெரியாமல் மேட்டில் ஏறி ஓடிவந்தாள். அவள் மகள் அம்மாக்கண்ணு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள். காலையிலிருந்தே வலி. புள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தாயும் தங்காது புள்ளையும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தோட்டத்து லொறி தேயிலை ஸ்டோரில் நிற்கிறது, ஆனால் அதன் டிரைவர் சாவியோடு பண்டிகைக்கு ஹட்டன் டவுனுக்குப் போய்விட்டான்.

"பூரணி, அழகு எங்கடி? என் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுடி! நான் பேசினதெல்லாம் மனசுல வச்சுக்காதடி!"

அதற்குள் சத்தம் கேட்டு அழகுமுத்துவும் காளியாயியும் கோயிலிலிருந்து ஓடிவந்தார்கள். அழகுமுத்து கதவைப் பிடித்து இழுத்தான். நாலு கதவையும் சுற்றிச் சுற்றி இழுத்துவிட்டுப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான்.

"நாந்தாங்க சாத்துனேன்," என்றாள் பூரணி. "ஆடு வந்துச்சுன்னு. ரெண்டும் உள்ள இருக்குங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் ரோட்டோரம் குனிந்து கைக்கு அடங்குகிற கருங்கல் ஒன்றைப் பொறுக்கினான். ஆசை ஆசையாகத் துடைத்த கார்தான். ஆனாலும் ஓங்கிவிட்டான்.

"பூசையில வச்ச வண்டிடா!" என்று காளியாயி கத்தினாள்.

"பொறுங்க!" பூரணி குறுக்கே பாய்ந்து கல்லைப் பிடித்தாள். "கண்ணாடி ஒடைஞ்சா சீட்டெல்லாம் தூளாகிப் போயிரும். அந்தப் புள்ளைய எங்க படுக்க வைப்பீங்க? மழை வேற கட்டிக்கிட்டு வருது. கை உள்ள போனாப் போதும், நான் தொறந்துருவேன்."

அழகுமுத்துவின் கை அந்த இடுக்கில் விரலோடு நின்றுவிட்டது. காளியாயி கை அதைவிடப் பருமன். கூடி நின்ற பிள்ளைகள் கை நுழைந்தது, கைப்பிடி எட்டவில்லை. பூரணியோ நெடுநெடுவென்று வளர்ந்தவள், உயரத்துச் செடியில் எட்டிக் கொழுந்து கிள்ளுகிற நீளக் கை. விரல் போனது, உள்ளங்கையைச் சுருக்கினாள், அதுவும் போனது. மணிக்கட்டில் ஏழு வளையலும் கண்ணாடி விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றன. கழற்றப் பார்த்தாள். ராசிக் பாய் போட்டது அவ்வளவு லேசில் கழன்று வருமா?

ஒரு கணந்தான். கையை வெளியே இழுத்து, கார் பம்பரில் ஓங்கி ஓர் அடி. பச்சைத் தூள் சிதறியது. இன்னோர் அடி.

"அடி பாவி! கட்டுன புருஷன் பக்கத்துல நிக்கையில, நல்ல நாளும் அதுவுமா வளையல ஒடைக்கிறியேடி!" காளியாயி தலையில் அடித்துக்கொண்டாள். தாலி அறுத்தவளுக்கு உடைக்கிற வளையல் அல்லவா அது. கூடி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அவரு நூறு வயசு இருப்பாரு அத்தை! சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்!"

ரத்தம் வழிகிற கையை மறுபடி இடுக்கில் விட்டாள். தோள்வரை போனது. கன்னம் கண்ணாடியில் நசுங்க, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே துழாவினாள். கைப்பிடி விரலில் பட்டது. இழுத்தாள். கதவு திறந்துகொண்டது.

யாரோ ஓவென்று கத்தினார்கள். இலையை அப்படியே தூக்கிக் காளியாயியின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு சாவியை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிப் புருஷனிடம் நீட்டினாள் பூரணி. காளியாயி அந்த இலையைப் பிடித்தபடியே, "ஆத்தா மாரி, அவளைக் குத்தம் சொல்லாத, என்னைய வேணும்னா கேளு," என்று முணுமுணுத்தாள். அம்மாக்கண்ணுவைக் கம்பளியோடு தூக்கிவந்து பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் பேச்சியம்மா, கால்மாட்டில் பூரணி. அழகுமுத்து அன்று ஓட்டிய மாதிரி என்றைக்கும் ஓட்டியதில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன், ஆனால் பள்ளத்தில் ஒரு குலுக்கல் இல்லை. கொட்டுகிற மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணுவை உள்ளே கொண்டுபோன பிறகு, பூரணியின் கைக்கு மருந்து போட வந்த ஆயா அந்த மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன புள்ள இது? வளையலெல்லாம் ஒடைய அடிச்சிருக்கானே, குடிகாரனா ஒம் புருஷன்?"

பூரணிக்கு வந்ததே கோபம்!

"அடிக்கிற ஆளா? யாரப் பாத்துக் கேக்குறீங்க? வெளிய நிக்குது பாருங்க ஒஸ்டினு, அதுக்குச் சொந்தக்காரரு அவரு! வளையல நாந்தான் ஒடைச்சேன். இன்னொரு தரம்னாலும் ஒடைப்பேன்."

ஆயா வேகவேகமாகக் கட்டுப் போட்டுவிட்டாள்.

மழை விட்டிருந்தது. வெளியே அழகுமுத்து காரின் மேல் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கட்டுப்போட்ட கையைப் பிடித்துப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

"இன்னொரு சாவி எங்கங்க?"

"அம்மா கெளம்புறப்ப எலையிலேருந்து எடுத்துக் குடுத்துச்சு. சட்டைச் சேப்புல இருக்கு."

"குடுங்க இங்க. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தது போதும். இனிமே ஒன்னு எங்கிட்டதான் இருக்கும்."

தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கில் அந்தச் சாவியைக் கோத்தாள். சேலைக்குள்ளே மறைத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் கண்ணில் படட்டும் என்று வெளியிலேயே தொங்கவிட்டாள்.

சாயங்காலம் பேச்சியம்மா கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பெண் குழந்தை. அறுத்துத்தான் எடுத்தார்கள், தாயும் பிள்ளையும் சுகம். பூரணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் அழ, இவளும் அழ, அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக் காவல்காரன் பிரம்பைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"யாரு நீங்க? கார்ல சாயாம தள்ளி நில்லுங்க. எந்தத் தொரையோட காரு இது?"

அழகுமுத்து வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"தொரை காரா? நல்லாக் கண்ணத் தொறந்து பாருய்யா. எங்க லயத்துக் காருய்யா இது!"

பூரணி தன் சாவியால் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க பெரியம்மா," என்றாள்.